நெரிசலான துறையில் நங்கூரம்: நாள்வாரிக் குறிப்புகள்

முதல் நாள்: இடம் பிடிப்பது

இன்று பிற்பகல் மூன்று மணிக்கு உள்ளே நுழைந்தோம். வடகிழக்கிலிருந்து 10 நாட்ஸ் (மணிக்கு 10 கடல் மைல்) காற்று. விரிகுடாவின் தெற்கு மூலை முழுக்கப் படகுகள். எல்லாமே அணியத்தை (முன்முனையை) காற்றுக்குக் கொடுத்து ஒரே பக்கம் பார்த்து நிற்கின்றன. இடையிடையே காலியாகத் தெரியும் தண்ணீரைக் காலி என்று நம்பிவிடக் கூடாது. ஒவ்வொரு படகுக்கும் முன்னால் முப்பது, நாற்பது மீட்டர் சங்கிலி அடியில் கிடக்கிறது. காற்று திரும்பினால் படகு அந்தச் சங்கிலியின் முனையைச் சுற்றி வட்டமடிக்கும். அந்த வட்டத்தைத்தான் மனதில் வரைந்துகொண்டு இடம் தேட வேண்டும்.

அதனால் நங்கூரத்தை இறக்குமுன் 2 நாட்ஸ் வேகத்தில் முழுத் துறையையும் ஒரு சுற்று வந்துவிடுவது நல்லது. மற்றவர்கள் எப்படி நிற்கிறார்கள் என்று பார்ப்பதுதான் அந்தச் சுற்றின் வேலை. அணியத்திலிருந்து இறங்குவது சங்கிலியா, கயிறா? கயிறு என்றால் வட்டம் பெரிது. மிதவையில் கட்டிய படகா? அதன் வட்டம் மிகச் சிறிது. நின்ற இடத்திலேயே திரும்பும். பின்முனையிலிருந்து கரைக்குக் கயிறு கட்டியிருக்கிறார்களா? அப்படியானால் அது திரும்பவே திரும்பாது. இப்படி வெவ்வேறு விதமாகக் கட்டிய படகுகளுக்கு நடுவில் போய் நிற்பதுதான் நாம் பார்த்த மோதல்களில் பாதிக்குக் காரணம். எல்லோரும் ஒற்றை நங்கூரத்தில் நிற்கும் இடத்தில் ஒருவர் மட்டும் முன்னும் பின்னும் இரண்டு நங்கூரம் போட்டு அசையாமல் நின்றால், இரவில் காற்று திரும்பும்போது அண்டைப் படகு நேராக அவர் விலாவில் வந்து நிற்கும். துறையில் பெரும்பான்மை எப்படியோ, நாமும் அப்படி.

எழுதியிராத ஆனால் எல்லாக் கடலிலும் செல்லுகிற மரபு ஒன்று உண்டு: முதலில் நங்கூரம் போட்டவருக்கே உரிமை. பிறகு வந்தவர்தான் விலகி நிற்க வேண்டும். அவர் எவ்வளவு சங்கிலி விட்டிருந்தாலும், நமக்கு அது அதிகமாகப் பட்டாலும், கணக்கு அவருடையது.

எங்கள் கணக்கு இது. ஆழமானியில் 4.5 மீட்டர். இப்போது நீர் வற்றிய நேரம். ஏற்றத்தில் இன்னும் 1.5 மீட்டர் உயரும். சங்கிலி தண்ணீர் மட்டத்திலிருந்து புறப்படுவதில்லை, அணியத்து உருளையிலிருந்து புறப்படுகிறது. அந்த உயரம் 1.2 மீட்டர். ஆக மொத்தம் 7.2. முழுச் சங்கிலிக்கு ஐந்து மடங்கு என்றால் 36 மீட்டர். ஆழமானி காட்டிய 4.5ஐ மட்டும் ஐந்தால் பெருக்கினால் 22.5 மீட்டர்தான் வரும்; ஏற்றம் வந்ததும் அது மூன்று மடங்கைச் சற்றே தாண்டி நிற்கும். இரவில் இழுபடும் படகுகள் பல இந்தக் கணக்கில்தான் கோட்டைவிடுகின்றன. கயிறும் கொஞ்சம் சங்கிலியுமாக இருப்பவர்கள் ஏழு மடங்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

36 மீட்டர் சங்கிலி, 12 மீட்டர் படகு: வட்டத்தின் ஆரம் ஏறக்குறைய 48 மீட்டர். முன்னால் நிற்கும் படகின் பின்முனைக்கும் பின்னால் நிற்கும் படகின் அணியத்துக்கும் நடுவே 75 மீட்டராவது இருக்கும் இடமாகத் தேடினோம்.

அந்த 75ஐக் கண்ணால் மட்டும் மதிப்பிட வேண்டாம்; தண்ணீர்மேல் தூரம் ஏமாற்றும். ஒரு அளவுகோல் போதும். கையை முழுக்க நீட்டிப் பிடித்தால் கண்ணுக்கும் கோலுக்கும் சுமார் 65 சென்டிமீட்டர். பக்கவாட்டில் தெரியும் 12 மீட்டர் படகு கோலில் 13 சென்டிமீட்டரை அடைத்தால், 12ஐ 65ஆல் பெருக்கி 13ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்: 60 மீட்டர். லேசர் தூரமானி இருந்தால் இந்தக் கணக்கு தேவையில்லை.

நங்கூரத்தை முன்படகின் பின்முனைக்குச் சற்றுப் பின்னால், நேர்பின்னாக இல்லாமல் கொஞ்சம் ஒதுங்கி இறக்க வேண்டும். புதியவர்களுக்கு இது மிக நெருக்கம் என்று தோன்றும். சங்கிலி முழுக்க விட்டு முடிக்கும்போது படகு 35 மீட்டர் பின்னுக்கு வந்திருக்கும் என்பதை மறந்துவிட்டு, நாம் நிற்க நினைக்கும் இடத்திலேயே நங்கூரத்தைப் போட்டுவிடுகிறார்கள். பிறகு பின்படகின் மேல் போய்த்தான் முடிகிறது.

படகு முற்றிலும் நின்ற பிறகு நங்கூரம் தரையைத் தொடும்வரை இறக்கினோம். காற்று படகைப் பின்னுக்குத் தள்ளத் தள்ள, பத்துப் பத்து மீட்டராகச் சங்கிலி. மொத்தமாகக் கொட்டினால் நங்கூரத்தின் மேலேயே குவிந்து சிக்கிக்கொள்ளும். மூன்று மடங்கு விட்டதும் சற்று நிறுத்தினால் முனை தரையைக் கவ்வும். மீதியையும் விட்டபின் எஞ்சினை ரிவர்ஸில் வெறும் ஓட்டத்தில் ஒரு நிமிடம். பிறகு மெல்ல ஏற்றி 1,800 ஆர்பிஎம்மில் அரை நிமிடம். கரையில் ஒரு மரமும் அதன் பின்னால் ஒரு பாறையும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று பார்த்துக்கொண்டே, உள்ளங்கையைச் சங்கிலிமேல் வைத்திருக்க வேண்டும். நன்றாகப் பிடித்த நங்கூரத்தின் சங்கிலி இறுகி அமைதியாக இருக்கும். இழுபட்டால் கடகடவென்று ஒரு நடுக்கம் கைக்கு வரும். விட்டுவிட்டு ஓர் அதிர்வு வந்தால் அடியில் கல்மேல் தாவுகிறது என்று பொருள்.

கடைசியாகச் சிறு படகை இறக்கி முன்னாலும் பின்னாலும் உள்ளவர்களிடம் போனோம். பின்முனைப் பக்கமாக, அவர்கள் பார்க்கும்படி நெருங்கி, இரண்டு மூன்று மீட்டர் தள்ளியே நின்று குரல் கொடுப்பதுதான் முறை; கேட்காமல் அவர்கள் படகைத் தொடக் கூடாது. கேட்டவை மூன்றே: எவ்வளவு விட்டிருக்கிறீர்கள், நங்கூரம் எந்தப் பக்கம் கிடக்கிறது, எப்போது கிளம்புகிறீர்கள். சொன்னவையும் அதேதான். பின்படகுக்காரரிடம் இன்னொன்றும் சொன்னோம்: "உங்கள் நங்கூரத்துக்கு மேலேதான் எங்கள் படகு நிற்கும். நீங்கள் எடுக்கும்போது ஒரு குரல் கொடுங்கள், எஞ்சின் போட்டு விலகித் தருகிறோம்." 75 மீட்டர் இடைவெளியில் இது தவிர்க்க முடியாதது. முன்பே சொல்லிவிட்டால் அது ஒரு சிக்கலே இல்லை.

இரண்டாம் நாள்: ஒவ்வொரு படகும் ஒவ்வொரு விதமாகத் திரும்பும்

நள்ளிரவில் காற்று செத்துவிட்டது. காற்று இருக்கும்வரை ஒரே திசையில் அணிவகுத்து நின்றவை, காலையில் பார்த்தால் ஆளுக்கொரு பக்கம். நெரிசலான துறையில் ஆபத்து பலமான காற்றில்தான் என்று நினைப்பவர்கள் அதிகம். நிலையான 20 நாட்ஸ் காற்றில் எல்லாப் படகும் ஒன்றாகவே ஆடும். வட்டங்கள் ஒன்றோடொன்று குறுக்கிட்டாலும் படகுகள் முட்டாது. இரண்டு, மூன்று நாட்ஸ் காற்றும் அதற்கு எதிரே நீரோட்டமும் இருக்கும்போதுதான் அண்டைப் படகின் பின்முனை நம் அணியத்தை உரசும் தூரத்துக்கு வரும்.

காரணம் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. ஆழமான நீண்ட கீல் (அடித்தகடு) உள்ள பாய்மரப் படகு நீரோட்டத்தின் சொல்லைக் கேட்கும். கேட்டமரன் (இரட்டை உடல் படகு) ஆழம் குறைந்தது, மேலே பருத்தது. காற்று சொன்னபடி திரும்பும். உயரமான மோட்டார் படகும் அப்படியே. கூடவே இடமும் வலமுமாக அலைந்துகொண்டே இருக்கும். இடம் தேடும்போது நம்மைப் போன்ற படகுக்குப் பக்கத்தில் நிற்பது இதற்காகத்தான். வேறு வழியில்லாமல் கேட்டமரனுக்குப் பக்கத்தில் நிற்க நேர்ந்தால், இன்னொரு படகு நீளமாவது கூடுதலாக இடைவெளி விட வேண்டும்.

இன்று காலை வலப்பக்கத்து மோட்டார் படகு இருபது மீட்டருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்வந்தது. அதன் சங்கிலி அணியத்து உருளையில் நேரடியாக நின்றது. அணியத்தின் இரண்டு கிளீட்களிலிருந்தும் (கயிறு கட்டும் கொம்புகள்) சம நீளத்தில் கயிறு கொடுத்து, நடுவில் கொக்கி போட்டுச் சங்கிலியைப் பிடித்தால் இந்த அலைச்சல் நன்றாகக் குறையும். கேட்டமரன்களுக்கு இது கட்டாயம். ஒற்றை உடல் படகுக்கு 12 முதல் 14 மில்லிமீட்டர் தடிமனில் எட்டு, பத்து மீட்டர் நைலான் ஸ்னப்பர் (இப்படிச் சங்கிலியைப் பிடிக்கும் கயிறு) போதும். நைலான் நீளும், அதனால் வெட்டி இழுப்பைத் தாங்கும். சங்கிலி உருளையில் உராயும் சத்தமும் அடங்கும். பின்பக்கத்தில் சிறிய பாய் ஒன்றை இறுக்கிக் கட்டுவதும் பாய்மரப் படகுக்கு உதவும். ஸ்னப்பருக்குப் பாலியஸ்டர் கயிறு ஆகாது, அது நைலான் போல நீளாது.

கவனிக்காமல் விடுகிற ஒன்று, பின்னால் கட்டியிருக்கும் சிறு படகு. ஆறு மீட்டர் கயிற்றில் மூன்று மீட்டர் டிங்கி மிதந்தால் நம் வட்டத்தில் ஒன்பது மீட்டர் கூடிவிட்டது. பின்படகு அந்தக் கயிற்றின் மேல் எஞ்சினோடு வந்தால் சுழலியில் சுற்றிக்கொள்ளும். இரவில் டிங்கியை விலாவோடு தூக்கிக் கட்டிவிடுவது எல்லோருக்கும் நிம்மதி.

நங்கூரத்தின் இடத்தைக் காட்டச் சிறு மிதவை கட்டும் பழக்கத்தை நெரிசலில் நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அந்தக் கயிறு அடுத்தவர் சுக்கானில் மாட்டும். கட்டுமிதவை என்று நினைத்து யாராவது அதைப் பிடித்துத் தூக்கினால் நம் நங்கூரமே பெயர்ந்துவிடும்.

மூன்றாம் நாள்: சத்தம், வெளிச்சம், கழிவு

இன்று சிறு விஷயங்கள். சிறியவை என்றாலும் அண்டை வீட்டுச் சண்டை போல மனக்கசப்பில் முடிபவை இவைதான்.

காற்று வந்ததும் பாய் ஏற்றும் கயிறுகள் அலுமினியப் பாய்மரத்தில் டிங் டிங்கென்று அடிக்கும். உள்ளே படுத்திருப்பவருக்கு மெல்லக் கேட்கும் அந்த ஒலி, பக்கத்துப் படகில் ஆளைத் தூங்கவிடாது. ரப்பர் கயிறு ஒன்றால் அவற்றைப் பக்கக் கம்பிக்கு இழுத்துக் கட்ட ஒரு நிமிடம் போதும். அமைதியான இரவில் தண்ணீருக்கு மேல் பேச்சுக்குரல்கூட வெகுதூரம் போகும்; குளிர்ந்த தண்ணீரை ஒட்டிய காற்று ஒலியை மேலே போகவிடாமல் கீழேயே வளைத்து அனுப்புகிறது. ஜெனரேட்டரைச் சூரியன் மறையும் முன்பே ஓட்டி முடித்துவிடலாம். அதன் புகை எந்தப் படகின் சன்னலுக்குப் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும், பக்கவாட்டில் சேர்த்துக் கட்டிய படகுகளில் குறிப்பாக. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை.

விளக்கு விஷயத்தில் 1972 கடல் மோதல் தடுப்பு விதிகளின் 30ஆம் விதி தெளிவு: 50 மீட்டருக்குக் குறைந்த படகு நங்கூரத்தில் நிற்கும்போது எல்லாப் பக்கமும் தெரியும் ஒரு வெள்ளை விளக்கு, பகலில் முன்பகுதியில் ஒரு கறுப்புப் பந்து. பலரும் விளக்கைப் பாய்மர உச்சியில் வைக்கிறார்கள். இருட்டில் டிங்கியில் வருபவர் 15 மீட்டர் உயரத்தைப் பார்ப்பதில்லை. உச்சி விளக்கு நட்சத்திரங்களோடு கலந்துவிடும். தளத்துக்கு இரண்டு மீட்டர் மேலே மங்கலான இன்னொரு விளக்கும் வையுங்கள். மினுக்கும் விளக்கு வேண்டாம்.

டிங்கி 5 நாட்ஸுக்குள். கழிப்பறைத் தொட்டியைத் துறைக்குள் திறப்பது கூடவே கூடாது. பக்கத்தில் ஆட்கள் நீந்துகிறார்கள். பிளாஸ்டிக்கை எந்தக் கடலிலும் எந்தத் தூரத்திலும் கொட்டக் கூடாது என்பது மார்போல் (கப்பல்களால் வரும் கடல் மாசைத் தடுக்கும்) ஒப்பந்தத்தின் ஐந்தாம் இணைப்பு. அது சிறு படகுக்கும் பொருந்தும்.

நான்காம் நாள்: சூறைக்காற்று

மாலையில் மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. காற்று 180 பாகை திரும்பினால் இதுவரை முன்னால் இருந்த படகு பின்னால் வந்துவிடும், கரையும் பின்னால் வந்துவிடும். 12 நாட்ஸ் 36 ஆனால் விசை மூன்று மடங்கு கூடுவதில்லை, ஒன்பது மடங்கு.

இருட்டும் முன்பே செய்து முடித்தவை: வெயில் துணிகளை அவிழ்த்து மடித்தோம், டிங்கியைத் தளத்தில் ஏற்றிக் கட்டினோம், எஞ்சினை ஒருமுறை ஓட்டிப் பார்த்தோம், ஃபெண்டர்களை (மோதலைத் தாங்கும் மெத்தைகள்) தளத்தில் தயாராக வைத்தோம், சங்கிலி அறைப் பக்கத்தில் கூரான கத்தி. சங்கிலியின் கடைசி முனை படகோடு நேரடியாகப் பூட்டப்பட்டிருக்கக் கூடாது, தளம்வரை எட்டும் நைலான் கயிற்றால் கட்டப்பட்டிருக்க வேண்டும். அவசரத்தில் அறுத்துவிட்டுத் தப்ப அது ஒன்றுதான் வழி. போகுமுன் சங்கிலியில் ஒரு மிதவையைக் கட்டிவிட்டால் மறுநாள் எடுத்துக்கொள்ளலாம்.

இன்னும் சங்கிலி விடலாமா என்பது நம் விருப்பம் மட்டும் அல்ல. ஒருவர் மட்டும் பத்து மீட்டர் கூட்டினால் பின்படகுக்குப் பத்து மீட்டர் குறைகிறது. விஎச்எஃப் ரேடியோவின் 16ஆம் சேனலில் கூப்பிட்டு, வேறு வேலைச் சேனலுக்கு மாறி, குறைந்த சக்தியான 1 வாட்டில் அக்கம்பக்கத்தாரோடு பேசினோம். எல்லோரும் ஒரே நேரத்தில் பத்துப் பத்து மீட்டர் கூட்டினார்கள். இடைவெளி பெரும்பாலும் அப்படியே நின்றது.

படகு வட்டத்தைத் தாண்டினால் அலறும் ஜிபிஎஸ் எச்சரிக்கையின் மையம் நங்கூரம் விழுந்த இடமாக இருக்க வேண்டும், இப்போது படகு நிற்கும் இடமாக அல்ல. சங்கிலி 46, அணியத்திலிருந்து ஆன்டெனாவுக்கு 9, பிழைக்கு 10. ஆக ஆரம் 65 மீட்டர் என்று வைத்தோம். மிகக் குறுக்கி வைத்தால் இரவு முழுக்கப் பொய்யாக அலறும், கடைசியில் யாராவது எழுந்து அணைத்துவிடுவார்கள்.

பத்தரை மணிக்கு அடித்தது. காற்று வந்த பக்கத்தில் நின்ற நீலப் படகு இழுபட ஆரம்பித்தது. இழுபடும் படகை அடையாளம் காண்பது எளிது: பிடித்திருக்கும் படகு அணியத்தைக் காற்றுக்குக் கொடுத்து நிற்கும், இழுபடுவது விலாவைக் காட்டிக்கொண்டு வரும். அரை நாட் வேகத்தில் இழுபட்டால் நிமிடத்துக்குப் பதினைந்து மீட்டர். நடுவே 60 மீட்டர் என்றால் நான்கு நிமிடம்தான் கையில்.

அந்த நான்கு நிமிடத்தில் முதல் வேலை அவர்களை எழுப்புவது: ஹாரன் ஐந்து குறுகிய ஒலி, சக்திவாய்ந்த டார்ச் அவர்கள் சன்னலில் (கண்ணில் அடிக்க வேண்டாம், எழுந்தவர் இருட்டில் எதையும் பார்க்க முடியாமல் போகும்). கூடவே நம் எஞ்சின் ஓட வேண்டும், அணியத்தில் ஃபெண்டர் தொங்க வேண்டும். சுக்கானை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி, கியரை மிக மெதுவாக முன்னோட்டத்தில் போட்டால் படகு சங்கிலியிலேயே பத்து, பதினைந்து மீட்டர் ஒதுங்கும்; பெரும்பாலும் அந்த ஒதுக்கமே போதும். பின்னால் இடம் இருந்தால் சங்கிலியை இன்னும் விடலாம். இரண்டு படகுக்கும் நடுவே கையோ காலோ போகவே கூடாது. பல டன் எடையுள்ள படகை மனிதக் கை நிறுத்தாது.

நீலப் படகு எங்கள் இடப்பக்கம் எட்டு மீட்டரில் கடந்துபோனது. அதன் நங்கூரம் எங்கள் சங்கிலியில் மாட்டியிருந்தால் இரண்டு படகையும் எங்கள் ஒரே நங்கூரம் தாங்க வேண்டி வந்திருக்கும்.

இழுபடும் படகில் இருப்பவர் உடனே இன்னும் சங்கிலி விடத் துடிப்பது இயல்பு. நெரிசலில் அது பின்படகின் மேல் கொண்டுபோய் விடும். மேலும், ஒருமுறை பெயர்ந்து புல்லும் களிமண்ணும் அப்பிக்கொண்ட நங்கூரம் எவ்வளவு சங்கிலி விட்டாலும் மறுபடி கவ்வுவது நிச்சயமில்லை. எஞ்சினை முன்னோட்டத்தில் வைத்து முழுவதையும் தூக்கி, கூட்டத்தை விட்டுத் துறையின் வாய்ப்பக்கம் வெளியே போய் விசாலமான இடத்தில் போடுவதே சரி. நீலப் படகும் அதைத்தான் செய்தது. நன்றாகவே செய்தார்கள்.

ஐந்தாம் நாள்: சங்கிலி பின்னிக்கொண்டால்

நேற்றைய திருப்பத்தின் பலன் இன்று காலை தெரிந்தது. இடப்பக்கத்துப் படகு கிளம்ப நங்கூரத்தைத் தூக்கியபோது விண்ட்லாஸ் (சங்கிலியைச் சுற்றி ஏற்றும் இயந்திரம்) முனகி நின்றது. மேலே வந்த நங்கூரத்தின் இறக்கையில் வேறொரு சங்கிலி, சேறு வழிய, இரண்டு பக்கமும் இறுகத் தொங்கியது. அது பக்கத்தில் நின்ற ஒரு கேட்டமரனுடையது.

இந்த நேரத்தில் விண்ட்லாஸை விடாமல் அழுத்திக்கொண்டே இருப்பவர்கள் மோட்டாரை எரித்துவிடுகிறார்கள். ஒரு மீட்டர் 10 மில்லிமீட்டர் சங்கிலி இரண்டு கிலோவுக்கு மேல். அதோடு அண்டைப் படகின் இழுப்பும் சேர்கிறது. முதலில் கேட்டமரன்காரரிடம் சொன்னார்கள். அவர் எஞ்சினைப் போட்டு மெல்ல முன்னால் வந்து இழுப்பைத் தளர்த்தினார். அது ஆனபின்தான் கயிற்று வேலை.

ஐந்தாறு மீட்டர் கயிற்றின் ஒரு முனையை அணியத்துக் கிளீட்டில் கட்டி, மறுமுனையை அந்நியச் சங்கிலிக்கு அடியில் கொடுத்துச் சுற்றி மேலே எடுத்து, அதே கிளீட்டில் இரண்டு சுற்றுப் போட வேண்டும். இப்போது அந்தச் சங்கிலியின் பாரம் கயிற்றில். நம் நங்கூரத்தை விண்ட்லாஸில் ஒன்றரை மீட்டர் கீழே இறக்கினால் இறக்கை சங்கிலிக்கு அடியிலிருந்து நழுவும். நழுவாவிட்டால் கொக்கிக் கம்பால் பக்கவாட்டில் ஒரு தள்ளு. பிறகு நங்கூரத்தை முழுக்க உருளைவரை ஏற்றிப் பூட்டிவிட வேண்டும். பூட்டாமல் கயிற்றை விட்டால் விழும் சங்கிலி மறுபடி அதிலேயே மாட்டும். கடைசியாகக் கயிற்றின் ஒரு முனையை மட்டும் கிளீட்டிலிருந்து விடுவிக்கலாம். விரல்களைச் சுற்றுக்குள் வைக்காமல். சங்கிலி தடதடவென்று விழும். அது அடியைத் தொட்ட பின்பே கியர்.

இத்தோடு முடியவில்லை. கேட்டமரனின் நங்கூரம் அசைந்திருக்கக்கூடும். அவர் மறுபடி ரிவர்ஸில் இழுத்துச் சோதிக்கும்வரை இவர்கள் பக்கத்திலேயே காத்திருந்தார்கள். இந்தப் பத்து நிமிடத்தை விட்டுவிட்டுப் போய்விடுபவர்களும் உண்டு. அன்றிரவு இழுபடப்போவது அந்த அண்டைப் படகுதான்.

இரண்டு சங்கிலிகள் வெறுமனே குறுக்கே கிடந்தால் எந்தச் சங்கிலி மேலே கிடக்கிறதோ அது முதலில் எடுக்கப்பட வேண்டும். பெரும்பாலும் அது கடைசியில் வந்தவருடையது. நீர்க் கண்ணாடி மாட்டி ஒருமுறை நீந்திப் பார்த்தால் சண்டைக்கு இடமே இல்லை.

ஆறாம் நாள்: கிளம்புதல்

காலை ஏழு மணி. பின்படகும் இன்றே கிளம்புகிறது. முதல் நாள் பேசியபடி நாங்கள் எஞ்சின் போட்டு இடப்பக்கம் இருபது மீட்டர் ஒதுங்கி நின்றோம். அவர் தன் நங்கூரத்தின் மேல் நேராக வந்து தூக்கிக்கொண்டு போனார். பிறகு எங்களுடையது.

சங்கிலியை விண்ட்லாஸால் இழுத்துப் படகை முன்னுக்குக் கொண்டுவர வேண்டாம். எஞ்சினால் வந்து, தளர்ந்த சங்கிலியை மட்டும் சுற்றுங்கள். அணியத்தில் நிற்பவர் சங்கிலி போகும் திசையைக் கையால் காட்ட வேண்டும், கத்த வேண்டாம். செங்குத்தானதும் அரை நிமிடம் பிடித்து நிறுத்தினால் அலையே நங்கூரத்தைப் பெயர்க்கும். சேற்றைக் கழுவுவதைத் துறைக்கு வெளியே வைத்துக்கொள்ளலாம். நடுவில் நின்று கழுவிக்கொண்டிருக்கும்போது படகு அடுத்தவர் மேல் மிதந்து போகும். வெளியேறும் வழி எப்போதும் படகுகளின் பின்முனைப் பக்கமாக, அவர்களின் சங்கிலிக்கு மேலாக அல்ல.

போகிற வழியில் கேட்டமரன்காரரிடம் எங்கள் இடத்தின் அடித்தரையைப் பற்றிச் சொன்னோம்: மேலே ஒரு சாண் மணல், அடியில் இறுகிய களிமண், கிழக்கே முப்பது மீட்டரில் புல்திட்டு. அங்கே நங்கூரம் நிற்காது. அவர் இப்போது எங்கள் இடத்துக்கு மாறிக்கொண்டிருக்கிறார், 40 மீட்டர் சங்கிலியோடு.